60 கிரெடிட்டுக்குள் மாணவர் கழன்றுகொள்ளும் இடங்கள்

அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருட உள்ளூர்க் கல்லூரியில், அசோசியேட் பட்டத்துக்கு 60 கிரெடிட். செமஸ்டருக்கு 15 எடுத்தால் இரண்டு வருடத்தில் கதை முடிந்துவிட வேண்டும். மத்திய அரசு பட்டம் முடித்தவர் கணக்கை மூன்று வருடத்துக்கு எடுக்கிறது. அப்படியும் பெரும்பாலான கல்லூரிகளில் பாதிப் பேர் கூட முடிப்பதில்லை. காரணம் கேட்டால் "பசங்களுக்கு அக்கறை இல்லை" என்ற பதில் தயாராக இருக்கும். பதிவேடுகளைப் பிரித்துப் பார்த்தால் வேறு விஷயம் தெரிகிறது. முடிக்காதவர்களில் பலர் பாடத்தில் தோற்கவில்லை. ஒரு பாடத்துக்கும் அடுத்த பாடத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் காணாமல் போயிருக்கிறார்கள்.

ஆகவே இதைச் சீர்செய்ய இறங்குகிற கல்லூரிக்காரர்கள் முதலில் செய்ய வேண்டியது கமிட்டி போடுவது அல்ல. நான்கு வருடத்துக்கு முன் இலையுதிர் செமஸ்டரில் சேர்ந்தவர்களில் 50 பேருடைய டிரான்ஸ்கிரிப்ட்டை அச்செடுத்து மேசையில் பரப்புங்கள். சராசரி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு தாளிலும் மூன்று இடத்தில் பேனாவால் வட்டமிடுங்கள்: முதல் கல்லூரி நிலைக் கணிதம் எப்போது எடுத்தார், கடைசியாகப் பதிவு செய்த செமஸ்டர் எது, அன்று அவருடைய கட்டணக் கணக்கில் பாக்கியோ பதிவுத் தடையோ இருந்ததா. மாலைக்குள் மூன்று குவியல் சேர்ந்துவிடும். கணிதத்தை எட்டாமலே போனவர்கள் ஒன்று. 45, 50 கிரெடிட் சேர்த்தும் பட்டத்துக்குப் பொருந்தாத பாடங்களாகச் சேர்த்தவர்கள் இன்னொன்று. நல்ல மதிப்பெண்ணோடு சின்னப் பாக்கிக்காக நின்றுபோனவர்கள் மூன்றாவது. கல்லூரிக்காரர்கள் தலை குனிய வேண்டியது இந்த மூன்றாவது குவியலைப் பார்த்துத்தான்.

முதல் குவியலிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு ஒரு விளக்கம்: அமெரிக்காவில் அரியர் எழுதிக் கழிக்கிற வழி கிடையாது. தோற்றால் அதே பாடத்துக்கு மறுபடி பணம் கட்டி, ஒரு செமஸ்டர் முழுக்க உட்கார்ந்தே ஆக வேண்டும். அதற்கு முன்னால், பின்தங்கியவர்களுக்கு அடிப்படையை மறுபடி நடத்தும் ரெமெடியல் வகுப்புகள் வேறு. சேரும் நாளில் கணினியில் ஒரு பிளேஸ்மென்ட் டெஸ்ட். அதில் சறுக்கினால் பட்டத்துக்குக் கணக்காகாத இரண்டு மூன்று படி கணிதம். ஒவ்வொரு படியிலும் 70 சதவீதம் தேறுகிறார்கள், தேறியவர்களில் 85 சதவீதம் அடுத்த படிக்குப் பதிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேட்க மோசமில்லை. மூன்று படி ஏறி நான்காவதாகக் கல்லூரிக் கணிதம் தேறுகிறவர்கள் 100-க்கு 15 பேர்தான் மிஞ்சுவார்கள். பெருக்கிப் பாருங்கள். ஆசிரியர் எவ்வளவு நன்றாக நடத்தினாலும் இந்தப் பெருக்கலைத் தாண்ட முடியாது. குறைக்க வேண்டியது படிகளைத்தான்.

டென்னசி மாநிலம் 2015 இலையுதிரில் இதைத்தான் செய்தது. ரெமெடியல் படிகளைத் தூக்கிவிட்டு, எல்லாரையும் நேராகக் கல்லூரிக் கணிதத்தில் உட்காரவைத்து, பக்கத்திலேயே ஒரு துணை வகுப்பு வைத்தார்கள். கோரெக்விசிட் என்பது இதுதான். முன்பு பின்தங்கியவர்களில் ஒரு வருடத்துக்குள் கல்லூரிக் கணிதம் தேறியவர்கள் சுமார் 12 சதவீதம். மாற்றியபின் பாதிக்குக் கொஞ்சம் மேல். கலிபோர்னியா 2017-இல் ஏபி 705 சட்டம் கொண்டுவந்து, டெஸ்ட்டுக்குப் பதில் உயர்நிலைப் பள்ளி மதிப்பெண்ணைப் பார்க்கச் சொன்னது. நான்கு வருடப் பள்ளி மதிப்பெண் ஒரு மணி நேரத் தேர்வைவிட நம்பத்தக்க அறிகுறி என்பது அதற்குள் ஆய்வுகளில் நிலைத்துவிட்டிருந்தது.

கோரெக்விசிட் கெட்டுப்போவது எப்போதும் ஒரே மாதிரிதான். துணை வகுப்பை வேறு ஆசிரியர், வேறு நாளில், பழைய ரெமெடியல் புத்தகத்தை வைத்து நடத்துவார். முக்கிய வகுப்பில் திங்கட்கிழமை நிகழ்தகவு ஓடும்போது, இங்கே புதன்கிழமை பின்னக் கூட்டல் ஓடும். மாணவருக்கு இரண்டு தலைவலி. ஒரே ஆசிரியர், முக்கிய வகுப்பு முடிந்த கையோடு, அன்று வந்த கணக்குக்கு வேண்டிய அடிப்படையை மட்டும் நடத்த வேண்டும். எந்தக் கணிதம் என்பதையும் கூடவே முடிவு செய்தாக வேண்டும். சைக்காலஜி படிக்கப் போகிறவருக்குப் புள்ளியியல் போதும். இயற்கணிதத்தில் மாட்டிவைப்பது வீண். ஆனால் அவர் மாறிச் செல்ல நினைக்கும் பல்கலைக்கழகம் அதை ஏற்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு செய்யுங்கள்.

இரண்டாவது குவியலுக்கு மருந்து பாடத்திட்ட வரைபடம். ஒவ்வொரு துறைக்கும் செமஸ்டர் வாரியாக எந்தப் பாடம், எந்த வரிசையில் என்று ஒரே பக்கம். கெய்டட் பாத்வேஸ் என்ற பெயரில் நாடு முழுக்க நடக்கும் சீரமைப்பின் முதுகெலும்பு இது. என்ன படிப்பதென்று தெரியாமல் வருகிறவர்களை மருத்துவம், வணிகம், சமூக அறிவியல் என்று ஆறேழு பெரிய பிரிவுகளில் ஒன்றில் வைத்தால், முதல் செமஸ்டர் பாடங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் வீணாகாது.

வரைபடம் போடும்போது சுவரில் காகிதம் ஒட்டி, பாடத்துக்கொரு சீட்டு எழுதி நகர்த்திப் பாருங்கள். திரையில் தெரியாத மோசங்கள் அப்போதுதான் தெரியும். நர்சிங் தாளில் அனாட்டமி இரண்டாம் செமஸ்டர் என்றிருக்கும். அதற்கு முன் வேதியியல் முடித்திருக்க வேண்டும் என்பது கல்லூரியின் பாடக் கையேட்டில் வேறொரு பக்கத்தில் ஒளிந்திருக்கும். அந்த ஒரு சீட்டு இரண்டு வருடப் படிப்பை இரண்டரை வருடம் ஆக்கிவிடும். முழுநேரத் தாளோடு நிறுத்தாமல் பகுதிநேரத் தாளும் போடுங்கள், இந்தக் கல்லூரிகளில் அவர்கள்தான் அதிகம். 15 முடியாதவருக்கு 12, 12, கோடையில் 6 என்று போட்டாலும் வருடத்துக்கு 30 வந்துவிடும்.

தாள் அழகாக இருந்து கால அட்டவணை சொதப்பினால் பயனில்லை. ஒரே செமஸ்டரில் எடுக்க வேண்டிய இரண்டு பாடமும் செவ்வாய் காலை பத்து மணிக்கே இருக்கும். அல்லது ஒன்பது பேர்தான் சேர்ந்தார்கள் என்று செமஸ்டர் தொடங்கும் வாரத்தில் வகுப்பை ரத்து செய்வார்கள். அந்த ஒன்பதில் ஐந்து பேருக்குப் பட்டத்துக்கு மிச்சமிருப்பதே அந்த ஒரு பாடம்தான். ரத்து செய்யும் பட்டியலை டீனிடம் அனுப்பும் முன் இதை ஒருவர் சரிபார்ப்பது வழக்கமாக வேண்டும்.

ஆலோசகர் விஷயத்துக்கு நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய ஏசாப் திட்டத்தைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். காட்டலாம். குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வில், மூன்று வருடத்தில் பட்டம் பெற்றவர்கள் 22 சதவீதத்திலிருந்து 40 ஆனார்கள். ஒஹையோவின் மூன்று கல்லூரிகளில் அதே முறையைச் செய்தபோது 19, 35 ஆனது. நியூயார்க் திட்டத்தில் அப்போது இருந்தவை: முழுநேரப் படிப்பு கட்டாயம், மாணவரோடு அடிக்கடி உட்காரும் ஆலோசகர், டியூஷன், கட்டணத்தில் உதவித்தொகை போக மிச்சம் தள்ளுபடி, பாடப்புத்தகம், சுரங்க ரயிலுக்கு மெட்ரோகார்டு என்ற மாதப் பயண அட்டை. கெட்டிக்காரத்தனம் அந்த அட்டையில்தான். திட்டத்தில் ஒழுங்காகக் கலந்துகொண்டால்தான் அட்டை. மாணவர் அட்டைக்காக வருவார், வந்த இடத்தில் கணித வகுப்புக்கு இரண்டு வாரமாகப் போகவில்லை என்பது தெரியவரும். ஆய்வுக் காலத்தில் ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 பேர். வழக்கமான கல்லூரியில் 600-க்கு மேல், சில இடத்தில் ஆயிரத்தைத் தாண்டும். ஆள் பெயரே ஞாபகம் இருக்காது.

இதைக் காப்பியடிக்கிறவர்கள் செலவில்லாததை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்: டியூஷன் சென்டருக்குப் புதுப் பலகை, ஒரு மொபைல் ஆப். பிறகு "எங்களிடம் வேலை செய்யவில்லை" என்பார்கள். தலைக்குச் செலவு கூடத்தான் செய்யும். ஆனால் ஒரு பட்டத்துக்கு என்ன செலவு என்று வகுத்தால் நியூயார்க்கில் குறைவாகவே வந்தது. நிதிக் குழுவிடம் எடுத்துப் போக வேண்டியது அந்த இரண்டாவது எண்.

மூன்றாவது குவியல், பணம். பெல் கிராண்ட் போன்ற மத்திய உதவி தொடர, பதிவு செய்த கிரெடிட்டில் 67 சதவீதம் தேற வேண்டும் என்பதே பெரும்பாலான கல்லூரிகள் வைத்திருக்கும் வரம்பு. 15 எடுத்து, வேலை ஷிஃப்ட் மாறியதால் தலா 3 கிரெடிட் உள்ள இரண்டு பாடத்தை நடுவில் விட்டால் 9-தான் மிச்சம். 60 சதவீதம். எச்சரிக்கை வந்துவிடும். விட்ட பாடமும் எடுத்த கணக்கிலேயே நிற்கிறது, அடுத்த செமஸ்டரில் 15-க்கு 12 தேறினால்தான் மீளலாம். எல்லாப் பாடத்தையும் விட்டுவிட்டால் இன்னும் மோசம். செமஸ்டரில் 60 சதவீத நாட்கள் கடக்கும் முன், அதாவது 15 வாரத்தில் சுமார் ஒன்பதாவது வாரத்துக்கு முன் விலகினால், உதவித்தொகையின் ஒரு பகுதி அரசுக்குத் திரும்பிவிடும். கல்லூரி அதை மாணவர் தலையில் பாக்கியாக எழுதும். பாக்கி இருந்தால் ஹோல்ட், அதாவது பதிவுத் தடை. ஹோல்ட் இருந்தால் அடுத்த பதிவு கிடையாது. ஆகவே "வகுப்பை விடுகிறேன்" என்ற படிவத்தில் உதவித்தொகை அலுவலகத்தின் கையெழுத்து கட்டாயமாக இருக்கட்டும். மாணவருக்கு அது எரிச்சல்தான், இருக்கட்டும். ஆசிரியர்கள் அனுப்பும் எச்சரிக்கையும் மூன்றாவது வாரத்துக்குள் வர வேண்டும். இடைத்தேர்வுக்குப் பின் எட்டாவது வாரம் வருகிற எச்சரிக்கை இரங்கல் செய்தி. அது யார் மேசைக்குப் போகிறது, அவர் எத்தனை நாளில் போன் செய்கிறார் என்பதையும் எழுதிவையுங்கள். பல இடங்களில் யாரும் திறக்காத ஒரு பொது மின்னஞ்சலுக்குத்தான் போகிறது.

நூலக அபராதம், பார்க்கிங் அபராதம், தடுப்பூசிச் சான்று என்று ஹோல்ட் வகைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பதிவைத் தடுக்க வேண்டிய அளவுக்குப் பெரியவை சிலதான். மற்றவற்றைப் பாக்கியாக வைத்துக்கொண்டே பதிவைத் திறந்துவிடலாம்.

கடைசியில் ஒரு வேடிக்கை. பல கல்லூரிகளில் 60 கிரெடிட் முடித்தாலும், மாணவரே விண்ணப்பம் போட்டால்தான் பட்டம். போடாமல் போகிறவர்கள் முடிக்காதவர்கள் கணக்கில் விழுகிறார்கள். ஒவ்வொரு செமஸ்டரும் பதிவு திறக்கும் முன் 45 கிரெடிட் தாண்டியவர்கள் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் எந்த நான்கைந்து பாடம் மிச்சம் என்று எதிரே எழுதி, போன் செய்யுங்கள். 60 முடித்தவர்களுக்கு விண்ணப்பத்தைக் கல்லூரியே போட்டுவிடட்டும். விண்ணப்பக் கட்டணம் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.