சித்திரக்கதை நாயகன் எத்தனை படம் தாங்குவான்?

சூப்பர் ஹீரோ படம் ஒன்று மண்ணைக் கவ்வும்போதெல்லாம் இந்த வகைப் படங்களின் காலம் முடிந்துவிட்டது என்று எழுதுகிறார்கள். அடுத்த ஆண்டே வேறொன்று ஓடிவிட்டால் எழுதியவர்களே அதை மறந்துவிடுகிறார்கள். 2023இல் வந்த ‘தி மார்வெல்ஸ்’ உலகம் முழுவதும் 20 கோடி டாலரைச் சற்றே தாண்டி, மார்வெல் நிறுவனத்தின் பட வரிசையிலேயே மிகக் குறைந்த வசூல் என்ற பெயரை வாங்கியது. மறு ஆண்டு ‘டெட்பூல் அண்ட் வுல்வரின்’ 130 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. இரண்டும் ஒரே நிறுவனத்தின் படங்கள். ஆகவே, சித்திரக்கதை நாயகன் ஒருவனால் ஒரு பட வரிசையைத் தாங்க முடியுமா என்ற கேள்விக்கு வசூல் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு விடை தேடினால் ஆண்டுக்கொரு விடைதான் கிடைக்கும்.

என் கருத்து இது: நாயகனின் வலிமை எந்த வரிசையையும் தாங்கியதில்லை. அவன் தலையில் இருக்கும் தீராத கடன் ஒன்றுதான் தாங்குகிறது. பறப்பதும் சுவரேறுவதும் முதல் படத்தின் முதல் ஒரு மணி நேரத்துக்கு வேடிக்கை. அதற்குப் பிறகு அவன் யாருக்கு என்ன பட்டிருக்கிறான், அதை ஏன் அவனால் அடைக்க முடியவில்லை என்பதைப் பார்க்கத்தான் மக்கள் திரும்பவும் சீட்டு வாங்குகிறார்கள்.

1962இல் அச்சில் பிறந்த ஸ்பைடர்மேனை எடுத்துக்கொள்வோம். தன் கண்முன்னே ஓடிய திருடனைத் தனக்கென்ன என்று விட்டுவிடுகிறான். அந்தத் திருடன் கையாலேயே அவனை வளர்த்த பெரியப்பா சாகிறார். இனி அவன் ஆயிரம் பேரைக் காப்பாற்றினாலும் அந்த ஒரு உயிர் திரும்பாது என்பதால் கணக்கு ஒருநாளும் நேராகாது. சாம் ரெய்மி 2002இல் எடுத்த படம் அமெரிக்காவில் வெளியான முதல் வார இறுதியிலேயே 10 கோடி டாலரைத் தாண்டிய முதல் படம் என்ற பெயரைப் பெற்றது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது 2004இல் வந்த இரண்டாம் பாகம். அதில் நாயகன் வாடகை பாக்கிக்காரன், வேலைக்கு நேரத்துக்குப் போகாதவன், பெரியம்மாவின் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லத் தயங்குகிறவன். சண்டைக் காட்சிகளை எடுத்துவிட்டாலும் அந்தப் படம் நிற்கும் என்றே நினைக்கிறேன்.

பேட்மேன் இதற்கு இன்னும் வலுவான சான்று, ஏனென்றால் அங்கே நடிகர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1989இல் மைக்கேல் கீட்டன், பிறகு வால் கில்மர், ஜார்ஜ் குளூனி, கிறிஸ்டியன் பேல், பென் அஃப்லெக், 2022இல் ராபர்ட் பாட்டின்சன். முகம் மாறினாலும் தெருவில் சுடப்பட்டு விழுந்த தாய் தந்தையர் மாறவில்லை. அந்தச் சாவை மறந்து, உடையையும் வண்டியையும் சிரிப்பு வசனத்தையும் மட்டும் நம்பி 1997இல் எடுத்த படம் தோற்றது. அடுத்த படம் வர எட்டு ஆண்டு ஆயிற்று. 2005இல் கிறிஸ்டோபர் நோலன் செய்த முதல் வேலை, அந்தச் சிறுவனைத் திரும்பவும் தெருவில் பிணங்களுக்கு நடுவே நிறுத்தியதுதான். மூன்று ஆண்டு கழித்து அவருடைய இரண்டாம் படம் 100 கோடி டாலரைத் தொட்டது.

சூப்பர்மேன் நிலை வேறு. எல்லாம் செய்ய முடிந்தவனுக்கு யாரிடம் என்ன கடன் இருக்கப் போகிறது? 1978இல் கிறிஸ்டோபர் ரீவ் கண்ணாடி போட்ட கூச்சக்காரப் பத்திரிகையாளனாக நடித்த அழகில் அந்த வரிசை எழுந்து நின்றது. 1987இல் நான்காம் படத்தோடு படுத்துவிட்டது. மீண்டும் எழ 19 ஆண்டு ஆயிற்று. அதற்குப் பின்னும் அவனை எப்படி எழுதுவது என்று ஒவ்வொரு இயக்குநரும் புதிதாகத் திண்டாடுகிறார்கள்.

கடன் என்று சொன்னதால் உண்மையான கடன் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வட்டியும் ஈடும் தெரிந்த கொங்கு நாட்டு வாசகர்களுக்கு இது பிடிக்கும். சித்திரக்கதைகளை வெளியிட்டுவந்த மார்வெல் நிறுவனம் 1996இல் திவால் மனுப் போட்ட நிறுவனம். ஸ்பைடர்மேன், எக்ஸ்மென் போன்ற பெயர் பெற்ற பாத்திரங்களின் பட உரிமைகள் வேறு நிறுவனங்களின் கைக்குப் போயிருந்தன. எஞ்சியிருந்த பாத்திரங்கள் சிலவற்றின் திரைப்பட உரிமையை ஈடாக வைத்து 2005இல் 52.5 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்துகொண்டுதான் அவர்கள் சொந்தமாகப் படம் எடுக்கத் துணிந்தார்கள். 2008இல் முதலில் வந்தவன் அயர்ன் மேன். அன்றைக்குப் பொதுமக்களிடையே அவனுக்குப் பெரிய பெயரில்லை. ஆனால் அவனுக்கு ஒரு பழி இருந்தது. தான் செய்து விற்ற ஆயுதங்களே தன் நெஞ்சைத் துளைத்ததை அறிந்தவன் அவன். அந்தப் பழியை அவன் தன் உயிரைக் கொடுத்து அடைத்த 2019ஆம் ஆண்டுப் படமான ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ ஏறத்தாழ 280 கோடி டாலர் ஈட்டியது. கடன் அடைந்ததும் அந்த வரிசை தளர்ந்ததைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. புதிதாக வந்தவர்களுக்குச் சக்திகள் நிறைய இருந்தன. பட்ட கடன்தான் இல்லை.

இனி நம் பக்கம் வருவோம். இரட்டை வாழ்க்கை வாழும் நாயகனை மேற்கிலிருந்து இறக்குமதி செய்ததாகப் பலரும் நினைக்கிறார்கள். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை எழுதிய ‘மலைக்கள்ளன்’ நாவலை, கோவைப் பட்சிராஜா ஸ்டூடியோ உரிமையாளர் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு 1954இல் தாமே இயக்கிப் படமாக்கினார். பகலில் செல்வந்த வணிகர், மறைவில் ஏழைகளுக்கு அள்ளிக்கொடுக்கும் கொள்ளைக்காரன், இரண்டுக்கும் அடியில் காணாமற்போன உறவினன் என்று மூன்று அடுக்கு வேடம் அதில் எம்.ஜி.ஆருக்கு. கதை எழுதியவர் பிறந்ததும் படம் வளர்ந்ததும் கொங்கு மண்ணில். இதில் வியப்பு என்னவென்றால், நாயுடு அதே கதையை ஆறு மொழிகளில் எடுத்தார், தெலுங்கில் என்.டி. ராமராவ், இந்தியில் திலீப்குமார் என்று ஒவ்வொரு மொழியிலும் முகம் வேறு. பாத்திரம் நடிகனைவிடப் பெரிதாக இருக்க முடியும் என்பதை எழுபது ஆண்டுக்கு முன்பே கோயம்புத்தூர் செய்து காட்டியிருக்கிறது.

அப்படியிருந்தும் அதற்கு இரண்டாம் பாகம் வரவில்லை, வந்திருக்கவும் முடியாது. படத்தின் முடிவில் வேடம் கலைகிறது, உறவு தெரிகிறது, கல்யாணம் நடக்கிறது, கெட்டவர்கள் பிடிபடுகிறார்கள். பைசா பாக்கி இல்லை. கணக்கை நேர் செய்து மக்களை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்புவதே கதையின் கடமை என்று நம் சினிமா வெகுகாலம் நம்பியது. குறை என்று சொல்ல மாட்டேன். எனக்கும் அந்த நிறைவு பிடிக்கும். ஆனால் தொடர்படத்துக்கு அது ஆகாது.

அடுத்த படத்துக்கு எஞ்சியது என்ன? நடிகர்தான். கோவைக்காரரான சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர் 1956 முதல் 1972 வரை எம்.ஜி.ஆரை வைத்து 16 படங்கள் எடுத்தார். ஊர் மாறும், தொழில் மாறும், பாத்திரத்தின் பெயர் மாறும். தாய்ப்பாசமும் சண்டையும் எம்.ஜி.ஆரும் மாறமாட்டார்கள். பாத்திரம் ஒன்று, நடிகர்கள் பலர் என்ற அமெரிக்க வழக்கம் இங்கே தலைகீழாகி, நடிகர் ஒருவர், பாத்திரங்கள் பல என்றாயிற்று. அதே வழக்கம் இன்றுவரை நீடிக்கிறது. ஒற்றைக் கையால் பத்துப் பேரை அடிக்கும் நட்சத்திரத்துக்குச் சிலந்தி கடித்த கதை எதற்கு? அவர் திரையில் நடந்து வருவதே போதிய காரணம்.

அதனால்தான் தமிழில் முகமூடி ஒட்டவில்லை. ரசிகன் காசு கொடுப்பது முகத்துக்கு. அதை மூடுவது அவனுக்கு நட்டம். 2012இல் மிஷ்கின் ‘முகமூடி’ எடுத்தபோது உழைப்பு நிறையவே இருந்தது. ஆனால் நாயகன் அந்த உடையை முதலில் போட்டது ஒரு பெண்ணின் கவனத்தை ஈர்க்க. அத்தகைய தொடக்கத்துக்கு ஒரு படமே அதிகம். ‘மாவீரன்’ 2023இல் வென்றதற்குக் காரணம் அதன் நாயகன் கோழை என்பதைப் படம் ஒளிக்காததுதான், எனினும் அதுவும் தன் கணக்கை அந்தப் படத்திலேயே முடித்துக்கொண்டது. அதே ஆண்டு கோவைக்காரரான ஹிப்ஹாப் தமிழா ஆதி நடித்த ‘வீரன்’, மின்னல் தாக்கிச் சக்தி பெற்ற இளைஞனை ஊர்க் காவல் தெய்வத்தின் பெயரோடு இணைத்த வகையில் நல்ல யோசனை. யோசனைக்குத் தக்க ஆழம் திரையில் இல்லை.

வாளையாறு தாண்டிக் கேரளத்துக்குள் போனால் நிலைமை வேறு. கள்ளியங்காட்டு நீலி என்ற பழைய தொன்மத்தை எடுத்து, அவளை இன்றைய பெங்களூருவில் நடமாடவிட்ட ‘லோகா’ 2025இல் அதுவரை வந்த மலையாளப் படங்களின் வசூலையெல்லாம் தாண்டியது. பெயரிலேயே முதல் அத்தியாயம் என்று எழுதிக்கொண்டு வந்த துணிச்சலைவிட, நீலியின் பழைய காயத்தை ஆற விடாமல் விட்ட அறிவுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. கல்யாணி பிரியதர்ஷன் என்ற நடிகைக்காக மட்டும் கூட்டம் வந்ததாக யாரும் சொல்ல முடியாது.

ஊர் நினைவில் கிடக்கும் தொன்மம் என்றால் நமக்கு அண்ணன்மார் கதை இருக்கிறது. உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடப்படும் கதை. முடிவு எல்லோருக்கும் தெரிந்திருந்தும் கூட்டம் குறையாத கதை. பாட்டன் பட்ட துயரம் மகனிடம் வருகிறது. பெற்றோரை இழந்த குன்னுடையாக் கவுண்டர் பங்காளிகளால் விரட்டப்படுகிறார். அவர் பிள்ளைகளான பொன்னரும் சங்கரும் அந்தப் பகையைத் தலையில் சுமந்தபடி வளர்ந்து, அடைத்து முடிப்பதற்குள் களத்தில் சாய்கிறார்கள். பங்காளிப் பகை என்றால் என்னவென்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் களத்தில் சாய்ந்ததை நடித்துக் காட்டி, வீரப்பூரில் இன்றும் பக்தர்கள் படுகளம் விழுந்து எழுகிறார்கள். தொடர்படம் என்ற வடிவத்துக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு எங்கே இருக்கிறது? 1960களில் காங்கேயம் பக்கத்தில் தங்கி இக்கதையைப் பதிவுசெய்த கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக், பிற்காலத்தில் இதை 26 பகுதிகள் கொண்ட அசைபடமாகவும் சித்திரக்கதையாகவும் ஆக்கினார். நம்மவர்களோ 2011இல் இதை ‘பொன்னர் சங்கர்’ என்ற ஒரே படத்துக்குள் அடைத்தார்கள். மூன்று தலைமுறைக் கதைக்கு மூன்று மணி நேரம் போதவில்லை.

கிணத்துக்கடவில் பிறந்த லோகேஷ் கனகராஜ் இந்த நுட்பத்தைச் சூப்பர் ஹீரோ இல்லாமலே பிடித்துவிட்டார். 2019இல் வந்த ‘கைதி’யில் நாயகன் டில்லிக்கு அமானுஷ்ய சக்தி ஏதுமில்லை, பார்த்தேயிராத மகளைப் பார்க்கப் போகிறவன், அவ்வளவுதான். அதன் பின் 2022இல் வந்த ‘விக்ரம்’, 2023இல் வந்த ‘லியோ’ ஆகிய படங்களோடு அது இணைந்தபோது, போதைப்பொருள் கும்பலோடு தீராமல் நிற்கும் வழக்கு ஒன்றே எல்லாவற்றையும் கட்டும் கயிறாயிற்று. ஆனாலும் கார்த்தி, கமல், விஜய் என்று பெரிய முகங்களைச் சார்ந்துதான் அந்த வரிசையும் நிற்கிறது. ஒருவர் விலகினால் அவர் இடத்தில் வேறொருவரை நிறுத்த முடியாது.

லோகேஷே இரும்புக்கை மாயாவி என்ற பெயரில் ஒரு படம் எடுக்கும் எண்ணம் தமக்கு உண்டு என்று பலமுறை சொல்லியிருப்பதால், இந்தக் கேள்வி எனக்கு வெறும் வாதமாக இல்லை. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் அந்தப் பெயரோடுதான் தொடங்கியது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த நாயகனை எங்கள் தலைமுறை பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடிப் படித்தது. (2012 மின்வெட்டுக் காலத்தில் சோமனூர்த் தறிக்காரர் ஒருவர், மாயாவி இங்கே வந்தால் வேலைக்கு ஆகமாட்டார் என்றது நினைவுக்கு வருகிறது.) ஆங்கில மூலத்தில் அவர் முதலில் நல்லவர் அல்லர், கிடைத்த சக்தியைக் கொண்டு குற்றம் செய்து, பிறகுதான் திருந்தி நிழற்படை என்ற உளவு அமைப்பின் ஆளாகிறார். படம் எடுப்பவர் அந்தக் குற்றத்தை மழுப்பாமல் விட்டால் ஐந்து படத்துக்குப் போதுமான கடன் அதிலேயே கிடக்கிறது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இந்த நாயகனின் சக்தியே கண்ணுக்குத் தெரியாமல் போவது. சண்டை வரும்போதெல்லாம் திரையில் ஒரு கை மட்டும் மிதக்கும். பெரிய நட்சத்திரத்தை அழைத்தால், தாம் தெரியாத காட்சிகளை ஒவ்வொன்றாகக் குறைக்கச் சொல்வார். அவர் சொல்லாவிட்டாலும் விநியோகஸ்தர் சொல்வார். ஆகவே நாடக மேடையிலிருந்தோ குறும்படங்களிலிருந்தோ, குரலால் நடிக்கத் தெரிந்த ஒருவரைத் தேர்ந்து, படச் செலவை அவர் பெயருக்குத் தக்க அளவில் வைத்து எடுக்கலாம் என்பது என் யோசனை. முதல் படத்தில் போட்ட பணம் திரும்பினால் போதும். இரண்டாம் படத்தில் அவருக்குப் பதில் வேறொருவர் வந்தாலும், கை அதே கையாக இருக்கும்வரை ரசிகர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள்.