மலையில் எடுத்த நேரம்

குன்னூரில் இருந்துகொண்டு பள்ளி, கல்லூரித் தடகளப் போட்டிகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன் என்று சொன்னால், வீட்டுப் பிள்ளை யாராவது ஓடுகிறார்களா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என் தங்கை மகள் ஓடினாள். ஆனால் அவள் ஓடத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நான் மைதான ஓரத்தில் ஒரு நோட்டோடு நிற்க ஆரம்பித்துவிட்டேன். உடற்கல்வி ஆசிரியராக இருந்த நண்பர் ஒருவர், குறுவட்டப் போட்டியில் நேரம் எடுக்க ஆள் போதவில்லை என்று என்னை அழைத்துப்போய்க் கையில் ஸ்டாப்வாட்சைத் திணித்தார். அன்றைக்குத் தொற்றிக்கொண்ட பழக்கம் இது.

அந்த நோட்டில் முதலில் மூன்று கட்டங்கள்தான் இருந்தன: போட்டி, இடம், நேரம். இப்போது ஏழு கட்டங்கள் இருக்கின்றன. மலையில் எடுத்த ஒரு நேரத்தை அப்படியே நம்பவும் கூடாது, அப்படியே ஒதுக்கவும் கூடாது என்று மெல்ல மெல்லப் புரிந்ததால் கூடிய கட்டங்கள் அவை.

எங்கள் மாவட்டத்தில் தடகளத்துக்கு உள்ள முதல் தடையே சமதரை இல்லாததுதான். எட்டு வரிசைகள் கொண்ட 400 மீட்டர் ஓடுதளத்துக்கு ஏறத்தாழ 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் உள்ள மட்டமான நிலம் வேண்டும். ஊட்டியில் மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டத்தின் (எச்.ஏ.டி.பி.) மைதானம் இருக்கிறது, வெலிங்டனில் ராணுவத்தின் மைதானம் இருக்கிறது, முத்தோரை பாலாடாவில் உயரமான இடத்தில் பயிற்சி பெறுவதற்கென்றே அமைத்த செயற்கை இழை ஓடுதளமும் வந்துவிட்டது. மற்றபடி பெரும்பாலான பள்ளிகளில் சரிவை வெட்டி எடுத்த புல்தரையில், சுண்ணாம்புப் பொடியால் 200 மீட்டர் வட்டம் போட்டுத்தான் பிள்ளைகள் பழகுகிறார்கள். அதில் 1,500 மீட்டர் என்றால் ஏழரைச் சுற்று. வளைவுகள் நெருக்கமாக இருப்பதால் வேகம் எடுப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். ஒருமுறை சுற்று எண்ணும் பொறுப்பை ஏற்ற நான் எண்ணிக்கையைத் தவறவிட்டு, முதலில் வந்துகொண்டிருந்த சிறுவனை எட்டரைச் சுற்று ஓட வைத்துவிட்டேன். அப்படியும் அவனே முதலில் வந்தான். நேரக் கட்டத்தில் மட்டும் ஒரு கோடு போட்டிருக்கிறேன்.

அடுத்தது மூடுபனி. கையால் ஸ்டாப்வாட்சை அழுத்தி நேரம் எடுப்பவர் துப்பாக்கியின் புகையைப் பார்த்தோ, கிளாப்பரின் இரு பலகைகள் சேர்வதைப் பார்த்தோதான் பொத்தானை அழுத்த வேண்டும். சத்தத்தைக் கேட்டு அழுத்தக் கூடாது. சத்தம் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும் என்பதால், 100 மீட்டர் தள்ளி முடிவுக்கோட்டில் நிற்பவரின் காதுக்கு அது வந்து சேர 0.3 நொடி பிடிக்கும். கீழே வெயில் ஊர்களில் இந்த விதியைக் கடைப்பிடிப்பது எளிது. இங்கே ஆகஸ்ட் மாதத்துக் காலைப்பொழுதில் 100 மீட்டர் தள்ளி நிற்கும் மனிதரே தெரியாதபோது புகை எங்கே தெரியும்? வேறு வழியில்லாமல் சத்தத்துக்கே அழுத்துகிறோம். உண்மையில் 13.4 நொடியில் ஓடிய பெண் தாளில் 13.1 ஆகிவிடுகிறாள். பிறகு அவள் கோவை நேரு விளையாட்டரங்கம் போன்ற ஓர் இடத்துக்குப் போய் மின்னணுக் கருவியின் முன் ஓடும்போது, கையால் எடுத்த நேரத்துக்கும் மின்னணு நேரத்துக்கும் இடையே வழக்கமாகக் கணக்கிடும் 0.24 நொடியும் சேர்ந்துகொண்டு 13.6-ஐத் தாண்டி நிற்கிறது. உடனே, பெரிய மைதானத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று கூட வந்தவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பெண் பயப்படவே இல்லை. நாங்கள் எழுதிக் கொடுத்த நேரம்தான் தவறு.

இதைவிடப் பெரிய விஷயம் உயரம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1968-இல் ஒலிம்பிக் நடந்த மெக்ஸிகோ நகரமும் ஏறத்தாழ அதே உயரந்தான். இந்தப் பொருத்தம் தெரிந்த நாளிலிருந்து அந்த ஒலிம்பிக்கின் முடிவுகளை எங்கள் மாவட்டப் போட்டியின் முடிவுகளைப் போலவே படித்து வருகிறேன். அங்கே நீளம் தாண்டுதலில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டினார். அந்த உலக சாதனை 1991 வரை நின்றது. 400 மீட்டரில் லீ எவன்ஸ் ஓடிய 43.86 நொடி 1988 வரை அசையவில்லை. அதே மைதானத்தில் 10,000 மீட்டரைக் கென்யாவின் நஃப்தாலி டெமு 29 நிமிடம் 27.4 நொடியில் ஓடித் தங்கம் வென்றார். அப்போதைய உலக சாதனை ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் 1965-இல் ஓடிய 27 நிமிடம் 39.4 நொடி, ஒலிம்பிக் தங்கம் அதைவிட ஒன்றே முக்கால் நிமிடத்துக்கு மேல் மந்தம். அந்தக் கிளார்க் ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுந்தார்.

மலையில் ஆக்சிஜன் குறைவு என்று பொதுவாகச் சொல்கிறோம்; அது பாதி உண்மைதான். காற்றில் ஆக்சிஜனின் பங்கு ஊட்டியிலும் சென்னையிலும் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம்; அதனால் ஒவ்வொரு மூச்சிலும் ரத்தத்தில் ஏறும் ஆக்சிஜன் குறைகிறது. 100 மீட்டர் ஓடுபவருக்கு அந்தப் பத்துப் பதினைந்து நொடியில் இது பெரிய இழப்பில்லை. மாறாக, அடர்த்தி குறைந்த காற்று அவரைக் குறைவாகவே தடுப்பதால் சிறிய ஆதாயம்கூட உண்டு. 800 மீட்டரைத் தாண்டினால் கணக்குத் தலைகீழாகிவிடும். இங்கேயே பிறந்து வளர்ந்து இந்தக் காற்றுக்குப் பழகிய பிள்ளைக்கும் மலையில் ஓடும் 1,500 மீட்டர் கீழே ஓடுவதைவிட நேரம் பிடிக்கும். கீழிருந்து வந்தவரைவிட அவளுக்குக் குறைவாகப் பிடிக்கும், அவ்வளவே. ஆக எங்கள் ஊர்த் தாளில் குறுந்தூர ஓட்டங்கள் கொஞ்சம் அழகாகவும், நெடுந்தூர ஓட்டங்கள் இருப்பதைவிட மோசமாகவும் தெரிகின்றன.

உலகத் தடகளப் புள்ளிவிவரங்களில் 1,000 மீட்டருக்கு மேற்பட்ட ஊர்களில் எடுத்த நேரத்துக்கும் தூரத்துக்கும் பக்கத்தில் 'ஏ' என்று ஓர் எழுத்தைப் போடுகிறார்கள். அமெரிக்கக் கல்லூரிகளின் என்.சி.ஏ.ஏ. அமைப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது: உயரமான ஊர்களில் ஓடிய நெடுந்தூர நேரங்களை, உள்ளரங்கச் சாம்பியன்ஷிப்புக்கான தகுதிப் பட்டியலில் உயரத்துக்கு ஏற்பத் திருத்திச் சேர்க்கிறது. நம் நாட்டின் தேஜஸ்வின் சங்கர் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக உயரம் தாண்டி 2018-இலும் 2022-இலும் என்.சி.ஏ.ஏ.வின் திறந்தவெளிச் சாம்பியன் பட்டத்தை வென்றபோதுதான் நான் அமெரிக்கக் கல்லூரித் தடகளத்தைப் பார்க்கத் தொடங்கினேன். அந்தப் போட்டி பெரும்பாலும் நடக்கும் யூஜீன் நகரத்து மாலை நமக்கு மறுநாள் விடியல் என்பதால், ஸ்வெட்டரும் குல்லாவுமாக உட்கார்ந்து டீயோடு வர்க்கியைத் தொட்டுக்கொண்டு முடிவுகளைப் பார்க்க வசதியாக இருக்கிறது. அங்கே என் கண் நிலைத்தது ஃபிளாக்ஸ்டாஃப் என்ற ஊரின் மேல். சுமார் 2,100 மீட்டர் உயரம், ஊட்டிக்குச் சற்றே கீழே. அங்குள்ள வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணி 2016-க்கும் 2022-க்கும் இடையே ஆறு முறை, மைதானத்துக்கு வெளியே புல்வெளியிலும் மேடுபள்ளத்திலும் ஓடும் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் தேசியப் பட்டத்தை வென்றிருக்கிறது. உயரத்தைக் குறை என்று சொல்லிக்கொள்ளாமல் முதலாக வைத்து நடத்துகிறார்கள்.

நம் மாநிலப் பள்ளிப் போட்டிகளில் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று ஒவ்வொரு படியிலும் பிடித்த இடத்தை வைத்துத்தான் மேலே அனுப்புகிறார்கள் என்பதால், விதியில் மலைப் பிள்ளைகளுக்கு அநீதி ஏதும் இல்லை. இழப்பு நடப்பது மனக்கணக்கில். என் தங்கை மகள் பதினேழு வயதுக்குட்பட்டோர் 1,500 மீட்டரில் மாவட்டத்தில் முதலிடம் பிடித்த அன்று இரவு, முந்தைய ஆண்டு மாநிலத்தில் வென்ற பெண்ணின் நேரத்தை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, தன் நேரத்தைப் பக்கத்தில் எழுதிக் கழித்துப் பார்த்தாள்.

"நான் போய் என்ன மாமா பண்றது? அவ முடிச்சுட்டுத் தண்ணி குடிச்சிட்டு இருப்பா. நான் அப்பத்தான் வந்துட்டிருப்பேன்."

மெக்ஸிகோ கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அந்தக் கிளார்க் கீழ ஓடியிருந்தா ஜெயிச்சிருப்பாரா?" என்றாள். தெரியாது என்றேன்.

மாநிலப் போட்டி சமவெளி ஊர் ஒன்றில் நடந்தது. முந்தின நாள் மாலை பஸ்ஸில் போய்ச் சேர்ந்து, ஒரு பள்ளி வகுப்பறையில் பெஞ்சுகளைத் தள்ளிப் போட்டுப் பாய் விரித்துப் படுத்தார்கள். கொசுவே அறியாத எங்கள் பிள்ளைகள் புழுக்கத்திலும் கொசுக்கடியிலும் இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்தார்கள். அவளுடைய ஓட்டம் மறுநாள் பதினொரு மணி வெயிலில். முதல் இரண்டு சுற்றுகளில் முன்வரிசையோடு ஒட்டிக்கொண்டு, இங்கே நான் ஒருநாளும் பார்த்திராத வேகத்தில் போனாள். மூன்றாவது சுற்றின் வளைவில் கைகள் மேலே ஏறின, தலை ஒருபக்கம் சாய்ந்தது, ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டிப் போனார்கள். ஒன்பதாவதாக வந்தாள். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அவள் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: "மூச்சே வாங்கல மாமா. உடம்புதான் நெருப்பா எரிஞ்சுது."

அவள் எடுத்த நேரம் மாவட்டப் போட்டியில் எடுத்ததைவிடப் பதினொரு நொடி குறைவு. அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. நானும் பஸ் பர்லியார் தாண்டிய பிறகுதான் சொன்னேன்.

வெப்பத்துக்கு உடல் பழக ஏறத்தாழப் பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும். அத்தனை நாள் முன்னதாகப் பிள்ளைகளைக் கீழே கொண்டுபோய்த் தங்கவைக்க எந்தப் பள்ளியாலும் முடியாது. ஆனால் சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுப்பாளையம் குன்னூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல் தூரந்தான். 1997-இல் லெவின், ஸ்ட்ரே-கண்டர்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 2,500 மீட்டரில் வசித்து 1,250 மீட்டரில் பயிற்சி செய்த ஓட்டக்காரர்கள் கடல்மட்டத்தில் 5,000 மீட்டரை முன்னைவிட வேகமாக ஓடினார்கள். மேலே வசித்துக் கீழே பயிற்சி செய்வதற்கு உலகில் பலர் பெரும் பணம் செலவழிக்கிறார்கள். எங்களுக்கு அது ஒரு பஸ் டிக்கெட். அடுத்த ஆண்டு சனிக்கிழமைகளில் அவளும் இன்னும் மூன்று பெண்களும் மேட்டுப்பாளையம் இறங்கி ஓடினார்கள். இரண்டு மாதம் நடந்தது. பிறகு மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டதும் அந்த ஏற்பாடு நின்றுபோனது. மாநிலத்தில் ஆறாவதாக வந்தாள். இறங்கி ஓடியதால் வந்த முன்னேற்றமா, ஒரு வயது கூடியதாலா என்று பிரித்துச் சொல்ல ஒரே ஒரு பெண்ணை வைத்து முடியாது.

பத்திரிகைகளின் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மாவட்டப் பக்கத்தில் முதல் மூவரின் பெயரும் பள்ளியின் பெயரும் வரும்; கோப்பையோடு நிற்கும் படமும் வரும்; நேரம் வராது. 1984-இல் லாஸ் ஏஞ்சலீஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு நொடியில் வெண்கலத்தை இழந்தபோது ஓடிய 55.42 எழுதி வைக்கப்பட்டதால்தான், 2023-இல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் கோவையின் வித்யா ராம்ராஜ் தகுதிச் சுற்றில் அதே 55.42-ஐ ஓடியபோது, 39 ஆண்டுகள் கழித்துத் தேசிய சாதனை சமன் ஆனது என்று எல்லோராலும் சொல்ல முடிந்தது. குன்னூரில் இருபது ஆண்டுகளுக்கு முன் ஓடிய பெண் ஒருத்தியின் நேரம் வேண்டுமென்றால் இன்று என் நோட்டைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. அதிலும் அன்று மூடுபனி இருந்ததா என்று எழுதாமல் விட்டிருக்கிறேன்.

தங்கை மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பாரதியார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் 5,000 மீட்டர் ஓடுகிறாள். சென்ற ஆண்டு பள்ளிப் பிள்ளைகளின் போட்டி ஒன்றுக்கு நேரம் எடுக்க ஆள் போதவில்லை என்று என்னை அழைத்தபோது அவளையும் கூட்டிப்போனேன். 100 மீட்டர் இறுதிக்குப் பெண்கள் கோட்டில் வந்து நின்றதும் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி ஓடுதளத்தின் பாதியை மூடிவிட்டது. நாங்கள் தயார் என்பதற்கு வெள்ளைக்கொடி காட்ட வேண்டும். பழக்கதோஷத்தில் நான் அதை எடுத்துவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, சிவப்புக்கொடியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமாகப் பாதித் தூரம் ஓடிப்போய், "சார், எங்களுக்குக் கிளாப்பர் தெரியல. கொஞ்சம் இருங்க" என்று கத்தினாள். மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்று பந்தலிலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். ஓட வந்த எட்டுப் பெண்களும் ஸ்வெட்டரை மறுபடி மாட்டிக்கொண்டு, இருந்த இடத்திலேயே குதித்துக்கொண்டு நின்றார்கள். மூடுபனி விலக இருபது நிமிடம் ஆயிற்று.