‘கொடுத்தாச்சு’ன்னு கையெழுத்து போடறதுக்கு முன்னாடி

வார்டுல ஒவ்வொரு பெட்டுக்கும் ஒரு மருந்து சார்ட் இருக்கும். மருந்து பேரு, எவ்வளவு, எத்தனை மணிக்குன்னு டாக்டர் எழுதியிருப்பார், கொடுத்து முடிச்சதும் அந்த கட்டத்துல நாங்க கையெழுத்து போடணும். அவ்வளவுதான். அதுல எவ்வளவு உள்ள போச்சு, எவ்வளவு சட்டையில வழிஞ்சுது, எத்தனை பேர் சேர்ந்து புடிச்சோம், அப்புறம் அந்த குழந்தை எவ்வளவு நேரம் தேம்பித் தேம்பி அழுதுச்சு, இதையெல்லாம் எழுதறதுக்கு கட்டம் கிடையாது. 14 வருஷமா குழந்தைங்க வார்டுல நர்ஸா இருக்கேன், அந்த சின்ன கட்டத்துல கையெழுத்து போடும்போது இன்னமும் எனக்கு ஒரு பையன் ஞாபகம் வருவான்.

வேலைக்கு சேர்ந்த முதல் வருஷம். அவனுக்கு 2 வயசு, நிமோனியா. ஊசி மருந்தை நிறுத்திட்டு அன்னிக்குத்தான் வாய்வழியா சிரப் ஆரம்பிச்சோம். அவன் வாயைத் தொறக்கவே இல்ல. கூட இருந்த சீனியர் சிஸ்டர், அவங்களுக்கு இன்னும் பத்து பன்னெண்டு குழந்தைங்க பாக்கி, "மூக்கைப் புடிம்மா, வாய் தானா தொறக்கும்"னாங்க. நானும் புடிச்சேன். அம்மா காலைப் புடிச்சிருந்தாங்க, நான் ஒரு கையால தலையையும் இன்னொரு கையால மூக்கையும் புடிச்சிருந்தேன், சிஸ்டர் ஸ்பூனைக் கவுத்தாங்க. அவன் வீல்னு கத்திட்டு மூச்சை உள்ள இழுத்த அதே நேரத்துல மருந்தும் போயிடுச்சு. புரை ஏறிடுச்சு. இருமினான், மூக்கு வழியா சிரப் வந்துச்சு, உதடு லேசா நீலமாயிடுச்சு. குப்புறப் போட்டு முதுகுல தட்டி, சக்ஷன் குழாய் வச்சு உறிஞ்சி எடுத்து, ஆக்ஸிஜன் கொடுத்து, அஞ்சு நிமிஷத்துல சரியாயிட்டான். சரியாயிட்டான்னு நான் சுலபமா எழுதிட்டேன், அந்த அஞ்சு நிமிஷம் அவங்கம்மா நின்ன நிலைய என்னால எழுத முடியல.

அன்னிக்கு சாயங்காலம் வெறும் தண்ணிதான் எடுத்துட்டுப் போனேன். என்னைப் பாத்ததும் ரெண்டு உதட்டையும் உள்ள மடிச்சு பல்லால கடிச்சுக்கிட்டான். அவங்கம்மா என்கிட்ட, "சாரி சிஸ்டர், ரொம்ப அடம் புடிக்கிறான்"னாங்க. அவங்க எதுக்கு சாரி கேக்கணும், நான்ல கேட்டிருக்கணும், ஆனா கேக்கல, தண்ணிய வச்சுட்டு வந்துட்டேன்.

மூக்கைப் புடிச்சா குழந்தைக்கு மூச்சு விடறதுக்கு வாய் ஒண்ணுதான் வழி, அந்த வழியில மருந்தை ஊத்தினா அது நுரையீரல் பக்கம் போறதுக்கு வாய்ப்பு ரொம்ப அதிகம். மல்லாக்கப் படுக்கவச்சு ஊத்தறதும் அதே கதைதான். அதுக்கப்புறம் நான் யாரையும் மூக்கைப் புடிக்க விட்டதில்ல. குழந்தைய மடியில நிமுத்தி உக்காரவச்சு, ஒரு கைய அம்மா இடுப்புப் பக்கமா அணைச்சுக்கிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சை கடவாய் ஓரமா விட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல அரை எம்எல், முழுங்கறதைக் கண்ணால பாத்துட்டு அடுத்த அரை எம்எல். நேரா தொண்டைக்கு பீச்சி அடிக்கக் கூடாது. நாக்கு நடுவுல விட்டா நாக்காலயே வெளிய தள்ளிடும். 5 எம்எல்னா பத்து தடவை, பத்து தடவைன்னா நாலஞ்சு நிமிஷம். அந்த நாலஞ்சு நிமிஷம்தான் வார்டுல எங்களுக்கு கிடைக்க மாட்டேங்குது, வீட்டுல ராத்திரி 2 மணிக்கு தனியா முழிச்சிட்டு இருக்கற அம்மாவுக்கும் அதேதான்.

அதனாலதான் அம்மாக்களை யாராவது "ஒரு மருந்து கொடுக்கத் தெரியலையா"ன்னு கேட்டா எனக்கு கோவம் வரும். தெரியாம போறதுக்கு என்னென்ன இருக்குன்னு பாருங்க. பாராசிட்டமாலையே எடுத்துக்குங்க. வயசை வச்சு இல்ல, எடைய வச்சுதான் கணக்கு, ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். சிரப்ல 5 எம்எல்லுக்கு 125 மில்லிகிராம் இருந்தா 6 எம்எல் கொடுக்கணும், 5 எம்எல்லுக்கு 250 இருந்தா 3 எம்எல் போதும். கைக்குழந்தைங்களுக்கான டிராப்ஸ்னா ஒரே எம்எல்லுல 100 மில்லிகிராம் இருக்கும், அதுல ஒன்றரை எம்எல்லே போதும். மூணு பாட்டிலும் பாக்க ஒரே மாதிரி, லேபிள்ல எழுத்து பொடிப்பொடியா இருக்கும், காய்ச்சல்ல குழந்தை கொதிக்குது. சிரப்புக்கு சொன்ன 6 எம்எல்லை டிராப்ஸ்ல இருந்து எடுத்துட்டா நாலு மடங்கு போயிடும். இப்படி பாட்டில் மாறி கொடுத்துட்டு நடுங்கிக்கிட்டே குழந்தையத் தூக்கிட்டு ஓடி வந்த ஒரு அப்பாவ நான் பாத்திருக்கேன். நல்லவேளை ஒரே வேளையோட கண்டுபுடிச்சிட்டார், ரத்தத்துல பாத்துட்டு கவலைப்பட ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொன்னாங்க. அவர் அன்னிக்கு பாட்டிலையும் கையிலயே புடிச்சிட்டு வந்தார், அது எங்களுக்கு எவ்வளவு உதவியா இருந்துச்சு தெரியுமா, என்ன மருந்து எவ்வளவு போயிருக்குன்னு உடனே கணக்கு போட முடிஞ்சுது.

கக்கிட்டா திரும்ப கொடுக்கறதா வேண்டாமாங்கறது அடுத்த தவிப்பு. குடிச்ச கையோட அப்படியே வெளிய வந்துடுச்சுன்னா பெரும்பாலும் டாக்டர் திரும்ப கொடுக்கச் சொல்லுவாங்க, அரை மணிக்கு மேல ஆயிடுச்சுன்னா வேண்டாம்பாங்க, எதுவா இருந்தாலும் கேட்டுட்டு கொடுங்கன்னுதான் நான் சொல்லுவேன். பால் பாட்டில்ல கலந்து விட்டுடலாம்னு தோணும், பாதி பால்ல குழந்தை நிறுத்திடுச்சுன்னா எவ்வளவு மருந்து உள்ள போச்சுன்னு யாருக்கும் தெரியாது, சில குழந்தைங்க அதுக்கப்புறம் பாலையே வேண்டாங்கும். மிட்டாய்னு சொல்லி கொடுக்கறதும் வேண்டாம், நாளைக்கு யாரும் பாக்காதப்ப அந்த மிட்டாய் பாட்டிலை அதுவே தொறந்துக்கும்.

இவ்வளவு தெரிஞ்சும் போன மாசம் நான் ஒண்ணைத் தவறவிட்டேன். 3 வயசுப் பொண்ணு, காய்ச்சல், தண்ணி எடுக்காம வாடிப்போய் அட்மிட் ஆயிருந்தா. காலையில இருந்து சிரப்பை துப்பிட்டே இருந்தா. நான் நைட் டியூட்டிக்கு வந்தப்ப டியூட்டி மாத்திக் கொடுக்கற ஹேண்ட் ஓவர்ல "ரொம்ப அடம்"னு சொன்னாங்க, நானும் அடம்னுதான் எடுத்துக்கிட்டேன். மடியில உக்காரவச்சேன், கடவாய் ஓரமா அரை எம்எல் விட்டேன், எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். அவ அலறல. தலைய ஒரு பக்கமா சாச்சு மருந்து தானா வெளிய வழியற மாதிரி வாயைத் தொறந்து வச்சுக்கிட்டா, கண்ணுல தண்ணி ஓடிட்டே இருந்துச்சு, எச்சிலைக்கூட முழுங்காம விட்டுட்டு இருந்தா. அதைப் பாத்ததும்தான் எனக்கு உறைச்சுது. டார்ச் அடிச்சு பாத்தா அண்ணத்துக்குப் பின்னாடி, உள்நாக்குப் பக்கமா, சின்னச் சின்னதா அஞ்சாறு புண்ணு, சுத்தி செக்கச்செவேல்னு இருந்துச்சு. காலையில டாக்டர் பாத்தப்ப இருந்திருக்காது, இந்த மாதிரி வாயில புண்ணு வர்ற வைரஸ் காய்ச்சல்ல முதல்ல காய்ச்சல் வரும், புண்ணு பின்னாடிதான் தெரியும். அந்த புண்ணு மேல போய் நாங்க நாள் பூரா சிரப்பை ஊத்தியிருக்கோம்.

"கண்ணு, வாய் எரியுதாடா"ன்னு கேட்டேன். தலைய ஆட்டினா. அவங்கம்மா, "எங்கிட்ட சொல்லவே இல்லையே சிஸ்டர்"னு அழுதுட்டாங்க. மூணு வயசுக்கு வலிய எப்படி சொல்லத் தெரியும், துப்பித்தான் சொல்லியிருக்கா.

டாக்டரைக் கூப்பிட்டு சொன்னேன், வந்து பாத்துட்டு பாராசிட்டமாலை சப்போசிட்டரியா, ஆசனவாய் வழியா வைக்கச் சொன்னாங்க. காலையில இருந்து எவ்வளவு உள்ள போயிருக்கும்னு பாத்து நேரமும் கணக்கு போட்டுத்தான் வச்சோம், வாய்வழி போனதும் இதுவும் ஒரே மருந்துதானே. ஒரு மணி நேரம் கழிச்சு ஜில்லுனு ஓஆர்எஸ் எடுத்துட்டுப் போனேன். ஒரு ஸ்பூன் முழுங்கிட்டு என் முகத்தையே பாத்தா. ரெண்டு நிமிஷம் விட்டு இன்னொண்ணு. விடியறதுக்குள்ள முக்கால் டம்ளர் போயிருந்துச்சு, ஒண்ணுக்கும் போனா.

சார்ட்ல இதுக்கு இடம் இல்லாததால நர்ஸிங் நோட்ல எழுதினேன்: "தொண்டையில புண் இருக்கு, சிரப் எரியுது, துப்பறது அடம் இல்ல. வலி குறைஞ்சப்புறம் ஜில்லுனு கொடுத்தா முழுங்கறா. இடது கடவாய் ஓரமா, அரை அரை எம்எல்லா. அவசரம் வேண்டாம்." மறுநாள் ராத்திரி டியூட்டிக்கு வந்து நோட்டைத் தொறந்தா, நான் எழுதினதுக்கு கீழ பகல் டியூட்டி சிஸ்டர் ஒரு வரி சேர்த்திருந்தாங்க: "சிரிஞ்சை அவ கையிலயே கொடுங்க, தானே அழுத்திக்கிறா."