16 சென்ரிமீற்றரில் ஆபிரிக்கா

எங்கள் கல்லூரியில் புவியியல் படித்தவர்களிடம் ஆபிரிக்காவை வரையச் சொன்னால், கை முதலில் ஒரு சதுரத்தைத்தான் போடும். 16 சென்ரிமீற்றர் நீளம், 16 சென்ரிமீற்றர் அகலம். அந்தச் சதுரம் இல்லாமல் கரையோரத்தில் பென்சில் வைக்க எங்கள் சேர் விடமாட்டார். சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியில் புவியியல் எடுத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கும் அந்த முறை அப்படியே உதவும். ஆகவே அதை இந்த மலரில் எழுதி வைக்கிறேன்.

சதுரத்தின் எல்லைகள்: வடக்கே 40 பாகை, தெற்கே 40 பாகை. மேற்கே 20, கிழக்கே 60. இரண்டு பக்கமும் 80 பாகை. 10 பாகைக்கு 2 சென்ரிமீற்றர் என்று கட்டம் போட்டால், மத்தியகோடு சதுரத்தைச் சரிபாதியாக வெட்டும். மத்தியகோட்டில் 2 சென்ரிமீற்றர் என்பது ஏறக்குறைய 1,110 கிலோமீற்றர். அகலக்கோடு கூடக் கூட நெடுங்கோடுகள் நெருங்க வேண்டும். கட்டத்தில் அவை நெருங்குவதில்லை. அதனால் 35 பாகையில் நிலம் கிழக்கு மேற்காக ஐந்திலொரு பங்கு ஊதித் தெரியும். மத்தியகோடு நடுவே ஓடும் கண்டம் என்பதால் ஆபிரிக்காவுக்கு இந்தக் குறை பொறுக்கக்கூடியது. இதே கட்டத்தில் ஐரோப்பாவை வரையப் போகாதீர்கள்.

இனி எட்டுப் புள்ளிகள். தன்ஜியர் 36 வடக்கு, 6 மேற்கு. தூனிசியாவின் வடமுனை 37 வடக்கு, 10 கிழக்கு. சூயஸ் 30 வடக்கு, 32½ கிழக்கு. செங்கடலின் தென்வாசல் 12½ வடக்கு, 43 கிழக்கு. கிழக்கே கொம்புபோல் கடலுக்குள் நீளும் நிலத்தின் நுனி 12 வடக்கு, 51 கிழக்கு. அகுல்ஹாஸ் முனை 35 தெற்கு, 20 கிழக்கு. கினி வளைகுடாவின் மூலை 4 வடக்கு, 9 கிழக்கு. டக்கார் 15 வடக்கு, 17 மேற்கு. மத்தியகோடு மேற்குக் கரையை 9½ கிழக்கிலும், கிழக்குக் கரையை 42½ கிழக்கிலும் தொடும். இவற்றை இணைத்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. மேற்கு ஆபிரிக்காவின் தென்கரையை மத்தியகோட்டில் உட்கார வைப்பதுதான் வழக்கமான பிழை. அந்தக் கரை 4 பாகைக்கும் 6 பாகைக்கும் இடையே ஏறக்குறைய நேராக ஓடுகிறது. கோட்டைத் தொடுவதே இல்லை. மடகஸ்காரை மேலே ஏற்றிவிடுவது அடுத்த பிழை. அதன் வடமுனையே 12 தெற்கில்தான் இருக்கிறது.

ஆற்றை வரையுமுன் உயரத்தைப் போட வேண்டும். இதில் சேர் மிகவும் கண்டிப்பு. அங்கோலாக் கரையிலிருந்து செங்கடல் வரை ஒரு சாய்கோடு இழுங்கள். கோட்டுக்குத் தென்கிழக்கே பெரும்பகுதி 1,000 மீற்றருக்கு மேல்: அங்கே கபில நிறம். வடமேற்கே பெரும்பாலும் தாழ்நிலம். சிங்கப்பூரின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமா 164 மீற்றர் என்பதை நினைத்தால் அந்தக் கபில நிறத்தின் கனம் விளங்கும். பாறைகள் நெருக்குண்டு மடிந்து எழுந்த மடிப்புமலை ஆபிரிக்காவில் இரண்டே இடத்தில்தான்: வடமேற்கே அற்லஸ், தென்முனையில் கேப் மலைகள். தென்னாபிரிக்காவின் டிராக்கன்ஸ்பேர்க்கை மடிப்புமலைக் குறியால் காட்டினால் புள்ளி குறையும். அது மேட்டுநிலத்தின் அரிக்கப்பட்ட விளிம்பு. கிளிமஞ்சாரோ, 5,895 மீற்றர், எரிமலை. ருவென்சோரி மலைத்தொடர் எரிமலை அல்ல. பிளவுகளுக்கு இடையே மேலெழுந்த பாறைத்திணிவு.

மேட்டுநிலத்தில் ஐந்து பெருங்குழிகள் இருக்கின்றன: மேல் நைஜர், சாட், மேல் நைல், கொங்கோ, கலகாரி. ஆறுகள் அந்தக் குழிகளில் தங்கி, பிறகு விளிம்பை அறுத்துக்கொண்டு இறங்குகின்றன. கின்ஷாசாவுக்கும் மட்டாடித் துறைமுகத்துக்கும் இடையே கொங்கோ ஆறு சுமார் 350 கிலோமீற்றரில் 270 மீற்றர் விழுகிறது. கடற்கப்பல் மட்டாடியைத் தாண்டி ஏற முடியாததற்குக் காரணம் இதுதான். உள்ளே மட்டும் படகுகள் நெடுந்தூரம் ஓடும். கொங்கோ மத்தியகோட்டை இரண்டு தரம் கடக்கிறது. ஒரு தரம் மட்டும் வரைந்தால் பிழை. நைஜர், அத்திலாந்திக்கிலிருந்து சுமார் 240 கிலோமீற்றர் தொலைவில் பிறந்தும், கடலுக்கு முதுகைக் காட்டிச் சகாராவின் விளிம்பு வரை போய், அங்கே திரும்பிக் கினி வளைகுடாவில் விழுகிறது. அம்புக்குறி போட மறக்க வேண்டாம்.

கிழக்கு ஆபிரிக்காவில் மேற்கு, கிழக்கு என இரண்டு கிளையாக ஓடும் பிளவுப் பள்ளத்தாக்கு, ஆறு வெட்டிய பள்ளத்தாக்கு அல்ல. புவியின் மேலோடு இருபுறமும் இழுபட்டு, நடுத்துண்டு கீழிறங்கியது. மேற்குக் கிளையில் இருக்கும் தங்கனீக்கா ஏரி 1,470 மீற்றர் ஆழம். இரண்டு கிளைகளுக்கும் நடுவே கிடக்கும் விக்டோரியா ஏரியோ பரப்பில் கண்டத்திலேயே பெரியது, ஆழமோ 80 மீற்றரை ஒட்டித்தான். அதைப் பிளவு ஏரிகளோடு சேர்க்கக் கூடாது.

இயற்கைப் பிரதேசங்களுக்குக் கடதாசியை மத்தியகோட்டில் மடிக்கச் சொல்வார். காடு, சவன்னா, பாலைவனம், மத்தியதரைக் காலநிலை: அல்ஜியர்ஸின் அகலக்கோடு கேப் டவுனின் அகலக்கோட்டோடு ஏறக்குறையப் பொருந்தும். பொருந்தாத இடங்கள்தான் பாடம். சகாரா அத்திலாந்திக்கிலிருந்து செங்கடல் வரை படுத்திருக்கிறது. தெற்கிலோ நிலம் ஒடுங்கியது. இந்து சமுத்திரக் காற்றும் வெந்நீரோட்டமும் கிழக்குக் கரையை நனைக்கின்றன. பாலைவனம் மேற்கே ஒதுங்க, பெங்குவெலாக் குளிர்நீரோட்டம் நமீப் பாலைவனத்தை இன்னும் உலர்த்தி, மூடுபனியை மட்டும் அனுப்புகிறது. கிழக்குக் கரையின் டர்பன் ஆண்டுக்கு 1,000 மில்லிமீற்றர் மழையை ஒட்டிப் பெறும்; எதிர்க்கரையில் போர்ட் நொலோத்துக்கு 100கூடத் தேறாது.

சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு நான் காட்டும் உதாரணம் நைரோபி. சிங்கப்பூர் மத்தியகோட்டுக்கு எவ்வளவு வடக்கோ, நைரோபி அவ்வளவு தெற்கு: இரண்டும் சுமார் 1.3 பாகை. இங்கே புக்கிட் தீமாவில் மழைக்காடு. அங்கே நகரத்தின் எல்லையிலேயே புல்வெளி. 1,000 மீற்றருக்கு 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்றால், நைரோபியின் சுமார் 1,700 மீற்றர் உயரத்துக்கு 11 பாகை கழிகிறது. மழையும் இங்கே பெய்வதில் பாதியளவுதான். அதுவும் மார்ச் முதல் மே வரையும், ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையும் இரண்டு பருவமாகப் பிரிந்து பெய்யும். மத்தியகோட்டுக்கு இரு புறமும் கிழக்குக் கரை வரை மழைக்காட்டுப் பச்சை தீட்டுபவர்கள் இந்த உயரத்தை மறந்தவர்கள். பச்சையை மேற்குப் பிளவின் விளிம்போடு நிறுத்திவிட வேண்டும்.

நாங்கள் படித்த தேசப்படத் தொகுதியை இன்று பார்த்து வரைபவர்கள் ஓரிடத்தில் மட்டும் கவனிக்க வேண்டும். 1960களில் சாட் ஏரி ஏறத்தாழ 25,000 சதுர கிலோமீற்றர். 1980களுக்குள் மழை பொய்த்து, அதில் பத்திலொரு பங்களவே மிஞ்சியது. பழைய கரையைப் புள்ளிக்கோடாக மட்டும் போட்டு, அதன் தெற்கோரத்தில் சிறிதாய் நீலம் தீட்டுங்கள்.