முப்பத்தொன்றாவது பெயர்

"காலாண்டுப் பரீட்சை வருதும்மா. பாப்பா அதை எழுதிட்டுப் போகட்டும். லீவு முடிஞ்சு வாங்க, டி.சி. போட்டுத் தந்துடுறேன்."

செப்டம்பர் மாத நடுவில் ஒரு நாள், மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்த ஒரு தாயிடம் நான் சொன்னவை இந்த மூன்று வாக்கியங்கள்தாம். அவர் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, வாசலில் கழற்றி வைத்திருந்த செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. பரீட்சைக்குப் பத்து நாள்கள்கூட இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை பாதியில் போவதைவிட எழுதிவிட்டுப் போவது நல்லது என்று எந்த ஆசிரியரும் சொல்வார். ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை. அன்று எங்கள் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் 31 பெயர்கள் இருந்தன. செப்டம்பர் 30ஆம் தேதி நிலவரப்படிதான் யுடைஸ் என்ற நாடளாவிய பள்ளிப் புள்ளிவிவரத் தொகுப்பில் மாணவர் எண்ணிக்கை ஏறும். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் பள்ளி மானியம் வரும்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் மானியம் படிக்கட்டுப் போன்றது. 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. ஆக, முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவே 15,000 ரூபாய் நிற்கிறது. சுண்ணாம்புக்கட்டி, பதிவேடுகள், மின்கட்டணம், எமிஸ் என்னும் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளத்தில் பதிவதற்கான இணையம், விளையாட்டுப் பொருள், சிறு பழுதுகள் என எல்லாமே இந்தத் தொகைக்குள்தான் அடங்க வேண்டும். இதில் பத்தில் ஒரு பங்கையாவது தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்குச் சொல்லும் 200 வேலைநாள்களால் வகுத்துப் பார்த்தால், 10,000 ரூபாய் பெறும் பள்ளிக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய், அதில் கழிப்பறைக்கு 5 ரூபாய். இந்தக் கணக்கை அந்த வாரம் முழுவதும் மனத்துக்குள் போட்டுக்கொண்டே இருந்தேன்.

நான் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்பதற்கு முன்பு, அனைவருக்கும் கல்வி இயக்கம் இருந்த காலத்தில், தொடக்கப் பள்ளிக்குப் பள்ளி மானியமாக 5,000 ரூபாய் வரும். பராமரிப்பு மானியம் வகுப்பறைகளின் எண்ணிக்கையைப் பார்த்து வரும். மூன்று அறைகள் வரை 5,000, அதற்கு மேல் இருந்தால் 10,000. தொகை சிறியதுதான் என்றாலும் கட்டடத்தைப் பார்த்துக் கட்டடத்துக்குப் பணம் கொடுத்த அந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருந்ததாக இப்போதும் நினைக்கிறேன். ஒழுகுகிற ஓட்டுக்கும் அடைத்துக்கொள்கிற குழாய்க்கும் பிள்ளைகள் முப்பது பேரா, முப்பத்தொன்றா என்பது தெரியாது.

அந்தத் தாய் திரும்பி வர நவம்பர் ஆகிவிட்டது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணவனும் மனைவியுமாக வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் விடுப்புக் கிடைக்கவில்லை. தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோதோ பள்ளி விடுமுறை. எமிஸில் ஒரு பிள்ளையின் பெயரைப் பழைய பள்ளி பொதுத் தொகுப்புக்கு விடுவிக்காமல் புதிய பள்ளி சேர்த்துக்கொள்ள முடியாது என்று திருப்பூர்ப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாம் முறை அவர் வந்தபோது, "பாப்பா இப்ப எங்க படிக்குது?" என்று கேட்டேன். "வீட்லதான் சார் இருக்கா, தம்பியப் பாத்துக்கிட்டு" என்றார். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், அவ்வளவே. சான்றிதழை எடுத்து, கையொப்பமிட்டு, முத்திரை வைத்து, பெயரை விடுவித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் தேதியை எழுதியபோது, அதற்கு முன்னால் இருந்த கட்டங்களைப் பார்த்தேன். அக்டோபர் முழுவதும் ஒரு வருகைக் குறிகூட இல்லை, வரிசையாக வராமைக் குறிகள்தாம். ஒரு நாள்கூட நான் பொய் வருகை போடவில்லை. இதை என் நேர்மைக்குச் சான்றாகப் பல இரவுகள் எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். வராத பிள்ளை என்று தெரிந்தே ஒவ்வொரு நாளும் குறித்திருக்கிறேன் என்பதற்கும் அதுவேதான் சான்று.

2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு எனக்குத் தெரியாததன்று. மாற்றுச் சான்றிதழைக் கேட்டவுடன் தர வேண்டும் என்றும், தாமதிக்கும் தலைமையாசிரியர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாவார் என்றும் அது தெளிவாகச் சொல்கிறது. சான்றிதழ் தாமதமானதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. எனவே தவறு அந்தத் திருப்பூர்ப் பள்ளியின் மேலும் இருக்கிறது என்று வாதிடலாம், வாதிட்டும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் சட்டம் தெரியாமல் செய்தார்கள் என்றால், நான் தெரிந்தே செய்தேன்.

மானியம் அடுத்த ஆண்டு 25,000 ரூபாயாகத்தான் வந்தது, இரண்டு தவணைகளில். அந்த ஆண்டு கழிப்பறைத் தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்துபோயிற்று. சுருளைப் புதிதாகக் கட்டவும், துருப்பிடித்த குழாயை மாற்றவும் எட்டாயிரத்துக்கு மேல் ஆனது. பத்தாயிரம் மட்டுமே வந்திருந்தால், என் கைக்காசைப் போட்டிருப்பேன், அல்லது நான்காம், ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் மதிய இடைவேளை வரை தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகியிருப்பார்கள். அப்படிப் பழகிய பிள்ளைகளை முன்பு வேலைபார்த்த பள்ளியில் பார்த்திருக்கிறேன். மோட்டார் மறுபடி ஓடி, தொட்டி நிரம்பி வழிந்த சத்தம் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி தவறு என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

எங்கள் உதவி ஆசிரியை எல்லாவற்றையும் அருகிலிருந்து பார்த்தவர். நவம்பரில் அந்தத் தாய் போன பிறகு, "நம்ம பசங்களுக்காகத்தானே சார் செஞ்சீங்க" என்றார். ஆறுதலுக்காகச் சொன்னார், நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். பிறகுதான் அந்தச் சொல் உறுத்தத் தொடங்கியது. 'நம்ம பசங்க' என்று அவர் சொன்ன கணக்கில் அந்தச் சிறுமி இல்லை. செப்டம்பர் 30 அன்று எண்ணுவதற்கு மட்டும் அவள் எங்கள் பிள்ளையாக இருந்தாள். அந்தத் தாயிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று சில வேளை தோன்றும்: "இந்த மாசக் கடைசி வரைக்கும் பேர் இருந்தா பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் பணம் கூட வரும்மா, அக்டோபர்ல நானே விடுவிச்சுடுறேன்" என்று. அவர் ஒப்புக்கொண்டிருப்பார், அக்டோபர் முதல் வாரத்தில் அவர் வராமலே நான் பெயரை விடுவித்திருக்கவும் முடியும். எண்ணிக்கை ஏறிய பிறகும் ஏன் அதைச் செய்யவில்லை என்பதற்கு மானியத்தைக் காரணம் காட்ட முடியாது. மறந்துவிட்டேன் என்பதுதான் உண்மை.

2024-25ஆம் ஆண்டில், ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளிகள் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்விக்கான ஒன்றிய அரசின் பங்கான 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டது. ஆசிரியர் கூட்டங்களில் எல்லோரும் கொதித்துப் பேசினோம். பிள்ளைகளின் படிப்பைப் பிணையாக வைத்துப் பேரம் பேசலாமா என்று நானும் கேட்டேன். கேட்டு முடித்து உட்கார்ந்த பிறகு, அந்தக் கேள்வியை என்னால் முழு மனத்தோடு கேட்டிருக்க முடியாது என்று பட்டது. இரண்டும் ஒன்றல்ல, ஒரு மாநிலத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் உரிய பணமும் என் மேசை இழுப்பறையில் இருந்த ஒரு தாளும் ஒரே அளவுடையவை அல்ல. ஆனாலும் அன்று அதற்கு மேல் பேசவில்லை.

கடந்த செப்டம்பரில் ஒரு தந்தை வந்து, ஒன்றாம் வகுப்புப் பையனுக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டார். உட்காரச் சொல்லி, அப்போதே கொடுத்தனுப்பினேன். பேருந்து நிறுத்தம் நோக்கி அவர்கள் இருவரும் நடந்து போவதைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று பதிவேட்டில் 34 பேர் இருந்தார்கள்.