லோட் ஃப்ளோவில் ஒரு சப்ஸ்டேஷன் முழுதும் போனால்

லோட் ஃப்ளோ என்பது எந்த லைனில் எவ்வளவு மின்சாரம் ஓடும், எங்கே எவ்வளவு வோல்டேஜ் என்று பார்க்கும் கணக்கு. அதைப் போடும் மென்பொருளான பிஎஸ்எஸ்இ-யில் ஒரு பஸ்ஸின் (லைன்கள் வந்து சேரும் இணைப்புப் புள்ளி) வகை எண்ணை 4 (துண்டிக்கப்பட்டது) ஆக்கி, அதோடு சேர்ந்த லைன்களைத் துண்டிப்பது நொடி வேலை. ஆனால் 400/230/110 கே.வி. நிலையத்தில் குறைந்தது மூன்று பஸ் உண்டு. ஒரு பஸ்ஸையே இரண்டாகப் பிரித்து (ஸ்பிளிட்) ஓட்டினால் இன்னும் கூடும். அதனால் முதலில் சிங்கிள் லைன் டயகிராமை (நிலையத்தின் இணைப்பு வரைபடம்) எடுத்து, எந்தப் பிரேக்கர் (லைனைத் திறந்து மூடும் சுவிட்ச்) எதை வெட்டும் என்று குறித்துக்கொள்கிறோம்.

பிசகு பெரும்பாலும் லைனின் மறுமுனையில்தான் வரும். பஸ்பார் புரொடெக்‌ஷன் (பஸ்ஸில் ஃபால்ட் வந்தால் அதைத் தனியே வெட்டிவிடும் பாதுகாப்பு) ஒழுங்காக இயங்கினால் இந்த முனைப் பிரேக்கர் மட்டும் திறக்கும். லைன் மறுமுனையிலிருந்து சார்ஜ் ஆகியே நிற்கும். மென்பொருளோ லைனையே கழற்றிவிடும், சார்ஜிங் எம்விஏஆரும் (சார்ஜ் ஆகி நிற்கும் லைன் தானே தந்து வோல்டேஜை ஏற்றும் ரியாக்டிவ் பவர்) கணக்கிலிருந்து போய்விடும். ட்வின் மூஸ் (ஒரு ஃபேஸுக்கு இரண்டு ‘மூஸ்’ வகைக் கம்பி) 400 கே.வி. லைனில் அது 100 கி.மீ.க்கு ஏறத்தாழ 55 எம்விஏஆர். லோட் குறைந்த நேரத்தில் மறுமுனை வோல்டேஜை 420 கே.வி.க்கு மேல் தள்ளப் போதும். திறந்த முனையில் ஒரு டம்மி பஸ் (லோடே இல்லாத கற்பனைப் பஸ்) வைத்து லைனை அதில் முடித்தால் சரியாக வரும்.

பஸ்பார் புரொடெக்‌ஷன் இயங்காவிட்டால் மறுமுனை ரிலேயின் ஜோன்-2 (லைனைத் தாண்டியும் பார்த்து, சற்றுத் தாமதித்து வெட்டும் பகுதி) வெட்டும், லைன் முழுதும் செத்துவிடும். 110 கே.வி. லைனில் நடுவே டீ-ஆஃப் நிலையம் (லைனிலிருந்து கிளை பிரித்து ஊட்டப்படுவது) இருந்தால் அதுவும் இருளும். முதல் வகையில் அதற்குச் சப்ளை உண்டு, இரண்டாவதில் கிடையாது. இரண்டையும் தனித்தனியே ஓட்டிப் பார்ப்பதுதான் முறை.

உடுமலைப்பேட்டை வட்டாரத்தை ஜூன்–செப்டம்பர் கேஸில் (அந்த மாதங்களுக்கான கணக்குத் தரவு) எடுத்தால் காற்றாலை உற்பத்தியும் சேர்ந்து போகும். அந்தக் குறை முழுதையும் ஸ்விங் பஸ் (உற்பத்தி-லோட் வித்தியாசத்தைக் கணக்கில் ஈடுகட்டும் பஸ்) ஏற்றுக்கொள்ள விட்டால், அதன் பக்கத்து லைன்களில் இல்லாத ஓவர்லோட் தெரியும். பல மின் நிலையங்களுக்குப் பங்கிட்டுக் கொடுங்கள். புகளூரை எடுப்பதானால் டிசி லைன்களையும் பிளாக் செய்யுங்கள்: ராய்கரிலிருந்து வரும் 800 கே.வி. லைனின் திறன் 6000 மெ.வா., திருச்சூர் போகும் 320 கே.வி. இணைப்பின் திறன் 2000 மெ.வா. முதலாவதை மட்டும் நிறுத்தினால் கேரளப் பக்க முடிவுகள் பொய்யாகும்.

லோட் விஷயத்தில் அவசரம் வேண்டாம். முதல் ஓட்டத்தில் அந்த நிலையத்து லோட் சுழி, டிரான்ஸ்ஃபார்மர் டேப் (வோல்டேஜைச் சரிசெய்யும் படி) அசையக் கூடாது. அடுத்த ஓட்டத்தில் 22 கே.வி. ஃபீடர்கள் வழியே பக்கத்து நிலையங்களுக்கு மாற்ற முடிகிற அளவு மட்டும். நூற்பாலைகள் மூன்று ஷிப்ட் ஓடும் ஊரில் இரவு லோட் தானாக இறங்கிவிடும் என்று கணக்குப் போடக் கூடாது.

தீர்வு கிடைக்காமல் டைவர்ஜ் ஆனால் (கணக்கு முடிவுக்கு வராமல் விலகிப் போனால்) டாலரன்ஸை (அனுமதிக்கும் பிழை அளவு) தளர்த்தி ஒப்பேற்றாதீர்கள். முதலில் ஸ்விங் இல்லாத தீவு (மற்றதிலிருந்து துண்டான பகுதி) ஏதும் உருவானதா என்று ட்ரீ கட்டளையில் பாருங்கள், பெரும்பாலும் அதுதான். இல்லையென்றால் சுற்றுவட்டார லோடை 80 சதவீதத்துக்கு இறக்கி, தீர்வு வந்ததும் சிறுகச் சிறுக ஏற்றுங்கள். எந்தப் பஸ் முதலில் சரிகிறதோ அங்கேதான் எம்விஏஆர் பற்றாக்குறை.

அடுத்த நிலையத்துக்குப் போகும்போது திறந்தவற்றைக் கையால் மூடித் திரும்பாதீர்கள். ஷண்டும் (வோல்டேஜைச் சரிசெய்யப் பஸ்ஸில் சேர்க்கும் கெப்பாசிட்டர், ரியாக்டர்) டேப்பும் இடம் மாறியிருக்கும்; சேமித்த மூலக் கேஸையே மறுபடி ஏற்றுங்கள்.