கேன்சர் மாத்திரையா கொடுத்தீங்க?

போன வாரம் இரவு ஒன்பது மணி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். காலையில் மாத்திரை வாங்கிப்போன பெண் வந்து நின்றார், வயது இருபத்தாறு இருக்கும். கையில் அதே கவர்.

"அண்ணே, இது கேன்சர் மாத்திரையாமே? நாத்தனார் போன்ல போட்டுப் பார்த்துட்டு வீட்டையே ரெண்டாக்கிட்டாங்க."

லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம், ஐந்து மாத்திரை. நாத்தனார் பார்த்தது பொய்யில்லை. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோய்க்காக வந்த மருந்துதான் அது. ஆனால் சீட்டில் எழுதியவர் மகப்பேறு மருத்துவர், பிரச்சினை சினைப்பை நீர்க்கட்டியால் கருமுட்டை வளராதது. "இது வேற வேலைக்கு, பயப்படாதே" என்று அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கும் சாப்பாடு ஆறியிருக்காது.

ஷட்டரை மறுபடி ஏற்றிவிட்டுச் சொன்னேன். உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உருவாவதை இந்த மாத்திரை தடுக்கும். ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளரும் புற்றுநோய்க் கட்டி அதனால் பட்டினி கிடக்கும். அதே மாத்திரையை மாதவிலக்கின் மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாள் மட்டும் போட்டால், ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டதே என்று மூளை பதறி, கருமுட்டையை வளர்க்கும் ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பும். செய்வது ஒரே வேலைதான், பலன் இரண்டு. கரு தங்குவதற்குள் மருந்து பெரும்பாலும் உடம்பை விட்டுப் போய்விடும்.

ஒரு மருந்தை உரிமத்தில் இல்லாத உபயோகத்துக்கு எழுதுவதை 'ஆஃப்-லேபிள்' என்பார்கள். மனச்சோர்வுக்கு வந்த அமிட்ரிப்டிலினை அக்கி போன பிறகும் விடாத எரிச்சலுக்கு எழுதுவதில்லையா? அதற்கும் இதே சண்டைதான். "எங்கப்பாவுக்கு என்ன பைத்தியமா?" என்று ஒருவர் கவுண்டரைத் தட்டியிருக்கிறார்.

லெட்ரோசோல் கதை இன்னும் சிக்கல். குழந்தையின்மைக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2011-ல் தடை போட்டது. பிறக்கும் குழந்தைக்கு ஊனம் வருமோ என்று 2005-ல் கிளம்பிய பயம் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் 2006-லேயே 911 குழந்தைகளைப் பார்த்த கனடா ஆய்வில், கருமுட்டை வளர வழக்கமாகக் கொடுக்கும் குளோமிஃபீனைவிட இதில் குறை அதிகம் என்று தெரியவில்லை. 2014-ல் அமெரிக்காவில் நீர்க்கட்டி உள்ள 750 பெண்களிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். குழந்தை பிறந்தது லெட்ரோசோலில் 27.5 சதவீதம், குளோமிஃபீனில் 19.1. இங்கே தடை நீங்கியது 2017-ல். அமெரிக்காவில் இன்றும் இந்த உபயோகத்துக்கு உரிமம் கிடையாது, ஆனாலும் எழுதுகிறார்கள்.

தடை இருந்த வருடங்களில் இந்தப் பெயர் இளம்பெண்ணின் சீட்டில் வந்தால் எனக்குக் கை ஓடாது. எதற்கு என்று எந்தச் சீட்டிலும் எழுதுவதில்லை. நாங்களாகவே வயதைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். இந்த வழக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

சரி, அந்தப் பெண்ணுக்கு வருவோம். எல்லாம் கேட்டுவிட்டு, "டாக்டர்கிட்டயும் காலையில ஒருதடவை கேட்டுக்கறேன்" என்றார். கண்டிப்பாகக் கேளும்மா என்றேன். கிளம்பியவர் திரும்பி வந்து கவரை நீட்டினார்.

"அண்ணே, இதுமேல 'முட்டை வளர'ன்னு தமிழ்ல பெருசா எழுதிக் கொடுங்க. நாத்தனார் கண்ணாடி இல்லாமப் படிக்கணும்."

மார்க்கர் எடுத்து எழுதிக் கொடுத்தேன்.